சகலனின் றைன் ஆற்றுக் காசு

கண்ணாடிப் பெட்டிக்குள், கறுப்புத் துணியில், அது படுத்திருந்தது. எங்கள் கனடாவின் ஐந்து சத நாணயக் குத்தி அளவு வட்டம், ஆனால் மிக மெல்லிசு. ஒரு பக்கத்தில் கொழுத்த கன்னமும் சுருள்முடியுமாக ஒரு சிற்றரசர். வியாபாரி அதை ஓரத்தில் பிடித்து விளக்கின் கீழ் திருப்பிக் காட்டினார். மறுபக்கத்தில் ஓர் ஆறு. ஆற்றங்கரையில் கோபுரங்களோடு ஒரு நகரம். ஆறு றைன், நகரம் மன்ஹைம். ஜேர்மனி என்று ஒரு நாடு உருவாகுமுன் அங்கே இருந்த எத்தனையோ குட்டி அரசுகளில் ஒன்று, அந்த ஆற்று மணலை அரித்தெடுத்த பொன்னிலேயே அந்த ஆற்றைப் பொறித்து அடித்த டக்கற் என்ற தங்கக் காசு அது. ஆற்றின் பொன்னில் ஆறு. இதைவிட வடிவான யோசனை எந்த அரசனுக்காவது வந்ததாக நான் படித்ததில்லை. அதுவரை அதைப் புத்தகத்தில் மட்டும்தான் கண்டிருந்தேன். நேரில் கண்டது ரொறன்ரோவில் ஒரு நாணயக் கண்காட்சியில். அன்று அதை வாங்கிக்கொண்டு போனவர் என் சகலன்.

சகலன் என்றால் மனைவியின் சகோதரியைக் கட்டியவர், இது எல்லோருக்கும் தெரியும். அந்த உறவில் உள்ள அந்தரம் பட்டவனுக்குத்தான் தெரியும். அண்ணன் தம்பி என்றால் ஒரே வீட்டில் அடிபட்டு வளர்ந்திருப்போம், யார் பெரியவன் என்பது சின்ன வயதிலேயே தீர்ந்திருக்கும். சகலன்மாரை முன்பின் தெரியாத வயதில் ஒரே மேசையில் இருத்தி, ஒரே மீன்குழம்பை ஊற்றி, அன்றிலிருந்து ஆயுள் முழுக்க ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அவர் மூத்தவளைக் கட்டினார், நான் இளையவளைக் கட்டினேன். ஆனபடியால் என்னைவிட அரை வயது இளையவரான அந்த மனிதரை நான் வாழ்நாள் முழுக்க 'அண்ணை' என்று கூப்பிட்டேன். அவர் என்னைச் 'சகலன்' என்றார், 'நீர்' என்றார். இதில் எனக்கு எந்த எரிச்சலும் இல்லை என்று மனைவிக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். "ஓம் ஓம், தெரியுது" என்பாள்.

எங்கள் ஆட்கள் பேச்சில் பொறாமை என்று சொல்வதில்லை, எரிச்சல் என்றுதான் சொல்வோம். சரியான சொல். அது மனத்தில் இருக்கிற சாமான் இல்லை, வயிற்றில் இருக்கிறது. எனக்கு அது தொடங்கிய இடத்தைச் சொல்கிறேன்.

கனடாவுக்கு வந்த புதிதில் நான் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் உயரமான கட்டடத்தில் இருந்தேன். வேலை, டவுன்ரவுனில் ஒரு வாகனத் தரிப்பிடத்தின் கூண்டுக்குள். சில்லறையோடு எப்போதாவது ஒரு வெளிநாட்டுக் குத்தி கலந்து வரும். அப்படி வந்த ஒரு பழைய ஜேர்மன் குத்தியில் பிடித்தது இந்தக் காசுப் பைத்தியம், எங்கள் சொல்லில் விசர். நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தேன். சக்சனி, பவேரியா, பிறன்ஸ்விக், நியூரன்பேர்க் என்று துண்டு துண்டாக நிலம், துண்டுக்கு ஒரு பிரபு, பிரபுவுக்கு ஒரு பொன் காசு. அரசர் ஒருபுறம் அடிக்க, பிஷப்மார் இன்னொருபுறம் அடித்தார்கள். ஊருக்கு ஒரு சங்கம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு சங்கம், கோபித்துக்கொண்டு போனவர்களுக்கு வேறொரு சங்கம் என்று ரொறன்ரோவில் நாங்கள் வைத்திருக்கிற மாதிரியேதான். அதனாலேயே எனக்கு அந்த ஆட்களைப் பிடித்துப்போனது. பிறகு காப்புறுதிக் கம்பனியில் வேலை கிடைத்து, கலியாணம் கட்டி, பிக்கரிங்கில் வீடும் வாங்கிவிட்டேன். அந்த விசர் மட்டும் விடவில்லை. சிறுகச் சேர்த்து ஒரு தங்கக் காசும் வாங்கினேன். நியூரன்பேர்க் அடித்த கால் டக்கற். பூமி உருண்டையின் மேல் கொடியோடு நிற்கிற ஓர் ஆட்டுக்குட்டி. சட்டைப் பித்தான் அளவுதான். "இவ்வளவு படிச்சு, கடைசியிலை ஒரு ஆட்டுக்குட்டியோ?" என்று மனைவி கேட்டாள்.

சகலன் இந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்காத மனிதர். வீட்டுக்கடன் எடுத்துக் கொடுக்கிற தொழில், நல்ல வருமானம், மார்க்கம் நகரில் பெரிய வீடு. டவுன்ரவுன் ஹோட்டல் மண்டபம் ஒன்றில் நாணயக் கண்காட்சி நடந்த அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் கார் அந்தப் பனிக்கு உதவாது. அவருடையது உதவும். அந்த ஒரே காரணத்துக்காகத்தான் அவரைக் கேட்டேன். "உந்தப் பழைய தகரங்களைப் பாக்கவோ இந்தப் பனிக்குள்ளை போறம்?" என்று வழி முழுக்கச் சிரித்துக்கொண்டு ஓட்டினார்.

நான் மறந்துபோன ஒரு விஷயம் இருந்தது. அவர் கனடாவுக்கு வருமுன் ஜேர்மனியில் அகதியாகச் சில வருடம் இருந்தவர். உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டு அந்தப் பாஷையை வடிவாகப் பழகியிருந்தார். அந்த வியாபாரியோ ஜேர்மன்காரர். என்னோடு சொல்லுக்குச் சொல் அளந்து பேசிக்கொண்டிருந்த மனிதர், இவர் வாய் திறந்ததும் பூவாக மலர்ந்துவிட்டார். கதிரை வந்தது, கோப்பி வந்தது. நான் 'டக்கற்' என்று சொல்ல, இவர் 'டுக்காட்டன்' என்று திருத்தினார். இரண்டு பேரும் மன்ஹைம் தெருக்களைப் பற்றி விழுந்து விழுந்து சிரிக்க, நான் எல்லோருடைய கோட்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் காசை வாங்குவதென்று எனக்குள் முடிவாகிவிட்டது. ஆனால் வாயால் சொல்லவில்லை. ஒரு சாமானை வாங்குமுன் வெளியே சொன்னால் கண்ணூறு பட்டுவிடும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். வீடு வாங்கியபோதும் கதவுத் திறப்பு கைக்கு வருமட்டும் மூச்சு விடவில்லை. ஆனபடியால் ஒரு சொல்லும் சொல்லாமல், மனைவியைக் கேட்டுப் பார்க்க ஹோட்டல் வாசலில் இருந்த பொது ரெலிபோனுக்குப் போனேன். அவளோடு மல்லுக்கட்டி, சம்மதம் வாங்கி, ஓட்டமாகத் திரும்பி வந்தால், சகலன் ஒரு சின்னப் பெட்டியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார். "வடிவாக் கிடந்தது சகலன், வாங்கிப்போட்டன்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், நீர் வாங்க நினைச்சனீரோ? சொல்லேல்லையே!" என்றார். "இல்லை இல்லை, சும்மா பாத்தனான்" என்றேன். திரும்பி வருகிற வழியில் அவருடைய காரின் சூடாக்கி நன்றாக வேலை செய்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று தொடங்கியவர்தான், பிறகு நிறுத்தவேயில்லை. கைநிறையக் காசு, பாஷை, அந்த வியாபாரியின் சிநேகிதம், எல்லாம் அவர் பக்கம். நிலவறையில் ஓர் அலுமாரி, அலுமாரிக்குள் தட்டுகள், தட்டுக்குத் தட்டு பொன். ரேகன்ஸ்பேர்க் நகரம் பாலத்தோடும் கோபுரங்களோடும் பொறித்த டக்கற், சக்சனியின் வாள் பிடித்த பிரபு, பிறன்ஸ்விக்கின் பாயும் குதிரை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் மேலே சமைக்க, எங்களுக்குக் கீழே காட்சி நடக்கும். புதிதாக ஒன்று வந்தால் சொல்லமாட்டார். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, பழம் சாப்பிட்டு, "சகலன், கீழை வாருமன்" என்பார். எனக்கு அப்போதே வயிறு பற்றிவிடும். நான் பூதக்கண்ணாடியால் பார்த்து, எங்கேயாவது ஒரு கீறல் அகப்படாதா என்று தேடுவேன். அகப்பட்டால், "கொஞ்சம் தேஞ்சிருக்கு என்ன?" என்பேன். "உம்மடை கண் ஒருத்தருக்கும் வராது சகலன்" என்பார், சிரித்தபடி. அது பாராட்டா பகிடியா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

ஒரு தடவை என் ஆட்டுக்குட்டியை அவர் கையில் எடுத்தார். விளக்கின் கீழ் இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். "உது என்னட்டை இல்லை" என்றார். அந்த ஒரு வசனத்தில் எனக்கு ஒரு கிழமை நித்திரை நன்றாக வந்தது. மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார், பிறகு இன்னொரு தடவையும் கேட்டார். கொடுப்பேனா நான்?

றைன் காசை மட்டும் அவர் தட்டில் வைப்பதில்லை. தனியாக ஒரு பெட்டி. கடைசியில்தான் எடுப்பார். ஒரு நத்தார், அதாவது கிறிஸ்மஸ், விடுமுறையில், என் உள்ளங்கையில் அதை வைத்துவிட்டு, "பிள்ளையளுக்கு உதிலை ஆசை இல்லை சகலன். எனக்குப் பிறகு உது உமக்குத்தான்" என்றார். "சும்மா விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை" என்று வாய் சொன்னது. மனம் அதற்குள் அவருடைய வயதைக் கணக்குப் பார்த்துவிட்டது. பார்த்த கணக்கில்தான் நான் அவரிலும் மூத்தவன் என்பது நினைவு வந்தது. அன்றிலிருந்து அவருடைய ஆரோக்கியத்தில் எனக்கு ஏற்பட்ட அக்கறையைப் பார்த்து என் மனைவியே வியந்தாள். அவருக்கு இருதயக் குழாயில் அடைப்பு என்று ஆஸ்பத்திரியில் வைத்தபோது சூப்போடு முதலில் போய் நின்றது நான்தான். கட்டிலில் படுத்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாகமாட்டன் சகலன், பயப்பிடாதேயும்" என்றார். தாதி ஏன் இரண்டு பேரும் இப்படிச் சிரிக்கிறோம் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு என் மகனுக்குக் கலியாணம் பொருந்தியது. எங்கள் முறைப்படி பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டில் நடக்கும். நல்ல நேரம் பார்த்து, விளக்கேற்றி, பத்தர் என்கிற பொற்கொல்லரைக் கூப்பிட்டு, தாலிக்கான பொன்னை எல்லோர் முன்னிலையிலும் உருக்க வேண்டும். வழக்கமாக, பிரித்தானிய அரசர் தலை பொறித்த ஒரு பவுண் குத்தியோ அரைப் பவுண் குத்தியோ வைப்பார்கள். "அக்காவின்ரை கை ராசியான கை. தட்டை அவதான் தரவேணும். குத்தியும் தான் வாங்கித் தாறன் எண்டவ" என்றாள் மனைவி. "ஏன், என்ரை மகனுக்கு ஒரு பவுண் வாங்க எனக்கு வக்கில்லையோ?" என்றேன். "துவங்கிட்டியள்" என்றுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பொன்னுருக்கு சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த நாள். எங்கள் வீட்டு வரவேற்பறையில் குத்துவிளக்கும் நிறைகுடமும் வைத்தாயிற்று. கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணி அலறாதபடி அதற்கு மகன், குளிக்கிறபோது போடுகிற பிளாஸ்ரிக் தொப்பி ஒன்றை மாட்டிவிட்டிருந்தான். ஸ்காபரோ நகைக்கடைப் பத்தர் மூசையையும் எரிவாயுக் குழாயையும் எடுத்து வைத்தார். மூசை என்பது பொன் உருக்குகிற சின்ன மண் குவளை. மச்சாள், அதாவது சகலனின் மனைவி, பட்டுச் சேலையில் தட்டோடு வந்தார். வெற்றிலை, தேங்காய், எலுமிச்சம்பழம், நடுவில் பாலில் கழுவிச் சந்தனமும் குங்குமமும் அப்பிய குத்தி. எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். நானும் தொட்டேன். தொட்டும் எனக்குத் தெரியவில்லை.

பத்தர் குத்தியைக் குறடால் எடுத்து, துணியால் சந்தனத்தைத் துடைத்தார். ஆறு தெரிந்தது. பிறகு கோபுரம் தெரிந்தது.

நடந்தது இதுதான், பிறகு விளங்கிக்கொண்டேன். வருடப்பிறப்பன்று வீட்டிலுள்ள நல்ல பொருளைச் சாமிக்கு முன்னால் வைக்கிற வழக்கத்தில் சகலன் தன் றைன் காசைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சாமித் தட்டில் வைத்திருக்கிறார். மச்சாள் பொன்னுருக்குக்கு வாங்கிய அரைப் பவுணையும் அதே சாமித் தட்டில்தான் வைத்திருக்கிறார். காலையில் அவசரத்தில், ராசா தலை போட்ட சின்னக் குத்தியென்று கையில் வந்ததை எடுத்துவிட்டார். மச்சாளுக்கு வட்டமாக, மஞ்சளாக, ஒரு தலையோடு இருப்பதெல்லாம் பவுண்தான். கீழே அந்த அலுமாரிப் பக்கம் அவர் போனதே கிடையாது.

பத்தர் கைதேர்ந்தவர். குத்தியைத் திருப்பிப் பார்த்தார். "இது பவுண் மாதிரித் தெரியேல்லை. ஆனா நல்ல பொன், மஞ்சளைப் பாருங்கோவன்" என்றவர் என்னிடம் திரும்பினார். "மாப்பிள்ளையின்ரை தேப்பன், என்ன சொல்லுறியள், உருக்கட்டோ?"

நான் சகலனைப் பார்த்தேன். அவர் கண்டுவிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற ஆள் மாதிரி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சொல், ஒரேயொரு சொல் சொன்னால் போதும். அவர் சொல்லட்டும் என்று நான் நின்றேன். 'பொறுங்கோ' என்று சொல்லத்தான் நினைத்தேன். விளக்கேற்றி, எல்லோரும் தொட்டுக் கும்பிட்ட பொன்னைத் தட்டிலிருந்து திருப்பி எடுப்பதா? மச்சாள் அந்தச் சபையில் எப்படித் தலை நிமிர்வார்? நாளைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தலையிடி வந்தால்கூட இன்றைய நாளைத்தானே சொல்வார்கள்? இவ்வளவும் யோசித்தேன், உண்மை. அதோடு இன்னொன்றும் யோசித்தேன். நிறுத்தினால் அது திரும்பவும் அவருடைய பெட்டிக்குள் போகும். உருகினால் என் மருமகளின் கழுத்துக்கு வரும். அந்த வேளையிலும் என் வயிறு தன் வேலையைச் செய்தது.

"உருக்குங்கோ பத்தர்" என்றேன்.

அரசரின் கன்னம் முதலில் சிவந்தது. பிறகு ஓரம் நெளிந்தது. நகரமும் ஆறும் ஒன்றுக்குள் ஒன்று விழுந்து, ஒரு கடலை அளவு துளியாகி, மூசையின் அடியில் நின்று ஆடியது. யாரோ தேங்காய் உடைத்தார்கள். "அக்காவின்ரை பொன், எப்பிடித் தெளிஞ்சு நிக்குது பாருங்கோ" என்று பெண்கள் சொல்ல, மச்சாள் சேலைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டு பூரித்துப்போய் நின்றார். அந்த அறையில் எதை உருக்கினோம் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். நாங்கள் இரண்டு பேரும் லட்டுச் சாப்பிட்டோம்.

எல்லோரும் புறப்படுகிற நேரம், வாசலில் குவிந்து கிடந்த சப்பாத்துகளுக்குள் அவர் தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. குனிந்து அவரோடு சேர்ந்து தேடுகிற பாவனையில், "ஏன் அண்ணை நீங்கள் வாய் திறக்கேல்லை?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "உம்மடை காசெல்லோ சகலன்! உமக்கெண்டு சொன்னாப் பிறகு நான் எப்பிடி வாய் திறக்கிறது? நீர் தானே சொல்லவேணும்" என்றார். பிறகு சப்பாத்தைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு, மச்சாளுக்குக் கதவைத் திறந்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கையில் யாருடையதோ ஒற்றைச் சப்பாத்தோடு நின்றேன். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. அத்தனை வருடம் நான் அதை அவருடைய காசென்று நினைத்து எரிந்துகொண்டிருந்தேன். அவரோ அது என்னுடையதென்று நினைத்து, எனக்காகத் துடைத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னுடையதாக இருந்த காலம் முழுக்க எனக்குத் தெரியாமல் போய், தெரிந்த அன்று அதை என் வாயாலேயே உருக்கச் சொல்லியாயிற்று. பெருந்தன்மையிலும் அந்த மனிதர் எனக்கு முன்னால் போய் வாங்கிவிட்டார். மச்சாளுக்கு நாங்கள் ஒரு நாளும் சொல்லவில்லை. சாமித் தட்டில் மிஞ்சிய அரைப் பவுணைப் பற்றி அவர் கேட்டதற்கு, அதைத் தான் பிறகு வாங்கி வைத்ததாகச் சகலன் சமாளித்துவிட்டார். மருமகள் அந்தத் தாலிக்கொடியைக் கலியாண வீடுகளுக்கு மட்டும் போடுவாள். மற்றபடி அது பாங்க் லொக்கரில் கிடக்கிறது.

போன மாரிக் குளிரில் சகலன் போய்விட்டார். இருதயம்தான். இந்த முறை சூப் கொண்டுபோக நேரம் தரவில்லை. அலுமாரியை விற்கத் தீர்மானித்த அவருடைய பெண் பிள்ளைகள், எது எதுவென்று விளங்காமல் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த நிலவறையில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். இது சக்சனி, இது பிறன்ஸ்விக், இது ரேகன்ஸ்பேர்க். மூத்தவள் ரெலிபோனில் படம் எடுத்துக்கொண்டே, "சித்தப்பா, you should take one. அப்பாக்கும் அதுதான் விருப்பமா இருந்திருக்கும். எது best?" என்றாள். நான் ரேகன்ஸ்பேர்க்கைக் காட்டினேன். கீறலே இல்லாத காசு. நான் எவ்வளவோ தேடிப் பார்த்திருக்கிறேன். "அப்ப அதையே எடுங்கோ" என்றுவிட்டு அடுத்த தட்டைத் திறந்தாள். அவ்வளவுதான். அவருடைய அலுமாரியிலிருந்து ஒரு பொன் காசு என் சட்டைப் பைக்கு இவ்வளவு லேசாக வரும் என்று நான் கனவிலும் நினைத்திருக்கவில்லை. வீட்டுக்கு வருமட்டும் எனக்குக் காரணமில்லாமல் கோபம் வந்துகொண்டிருந்தது.

கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில், விளக்குக்குக் கீழே வைத்தேன். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்து, "நல்ல வடிவு" என்றாள். மகன் பார்த்து, "Nice அப்பா" என்றான். மருமகள் படம் எடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்டினேன். பழைய காப்புறுதிக் கந்தோர்ச் சிநேகிதர் ஒருவரை இதற்கென்றே தேத்தண்ணிக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். பூதக்கண்ணாடியையும் கையில் கொடுத்தேன். நன்றாகப் பார்த்தார். எவ்வளவு பெறும் என்று கேட்டார், எனக்குக் கிடைத்ததில் தனக்குச் சந்தோசம் என்றார், இன்னொரு வடை எடுத்தார். அது இன்னும் மேசையிலேயே கிடக்கிறது. வந்து போகிற எல்லோருக்கும் காட்டுகிறேன். எல்லோரும் வடிவென்கிறார்கள். ஒருத்தருக்கும் வயிறு எரியவில்லை.